இணைப்பு யாரிடம்?

"யாரோ வேணும்னே பண்றாங்க மாஸ்டர்," என்றாள் மருந்துக்கடைப் பெண். சொன்னது பயிற்சி தரும் மாஸ்டரிடம். பார்வை என்னவோ டீச்சர் மேல்தான்.

துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடம் அது. மறுநாள் காலை தேர்வு. அணியில் மிச்சம் இருப்பது ஒரே இடம். அதற்கு முட்டி மோதுகிறவர்கள் இந்த இரண்டு பேர்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் டீச்சர் பல வருடமாகச் சுடுகிறாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இவளுக்கு இதுதான் முதல் தேர்வு.

கூடத்தில் ஒரு கறாரான விதி உண்டு. அவரவர் துப்பாக்கிக் குண்டு என்ன வேகத்தில் போகிறது என்று முந்தின நாளே அளந்து மாஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். அளப்பதற்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. குரோனோ என்பார்கள். குண்டு அதைத் தாண்டியதும் வேகம் ப்ளூடூத் வழியாகப் போனில் வந்து விழும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் ஒட்டும். அப்படி ஒரு பிடிவாதம் பிடித்த பெட்டி.

வேலை முடிந்து ஓடி வந்த மருந்துக்கடைப் பெண், போனை அணைத்துப் போட்டாள். குரோனோவை அணைத்துப் போட்டாள். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்கினாள். போன் பாடியது ஒரே பல்லவிதான்: 'வேறு கருவியோடு இணைப்பில் உள்ளது.'

விடுவேனா பார் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கூடத்தை மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அளக்காத துப்பாக்கியை நாளைக்கு உள்ளேயே விட மாட்டார்கள்.

டீச்சரோ மத்தியானமே அளந்து அனுப்பிவிட்டுச் சாவகாசமாகத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

போனைக் காட்டச் சொன்னாள் மருந்துக்கடைப் பெண். டீச்சர் காட்டினாள். ப்ளூடூத் அணைந்திருந்தது.

"இன்னொரு போன் எங்க இருக்கோ யார் கண்டா. நேரா சுட்டு ஜெயிக்க முடியாதவங்க புத்தி இப்படித்தான் போகும்."

டீச்சர் முகம் சிவந்துவிட்டது.

மாஸ்டருக்குக் கோபம் வந்தால் ஆள் பேதம் கிடையாது. எல்லோரும் போய் அவரவர் பையைப் பாருங்கள் என்று கத்தினார். "வேணும்னே பண்ணியிருந்தாலும் சரி, மறந்து பண்ணியிருந்தாலும் சரி. அந்த ஆளுக்கு நாளைக்குப் பழகு குண்டு கிடையாது. எடுத்த எடுப்பிலேயே கணக்குக் குண்டுதான்."

மார்க் போடும் குண்டுகளுக்கு முன்னால் குறியைச் சரிபார்த்துக்கொள்ளச் சுடுவதுதான் பழகு குண்டு. அது இல்லாமல் போட்டிக்கு நிற்பது, உப்புப் பார்க்காமல் ஊருக்கே சமைத்துப் போடுகிற மாதிரி.

மருந்துக்கடைப் பெண் நகரவில்லை. அவளுக்குப் போனை விட்டுத் தலை நிமிரக்கூட நேரமில்லை. டீச்சர்தான் பைகள் வைக்கும் அலமாரிப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"என் பையில டேப்லெட் ஆன்ல இருந்துச்சு மாஸ்டர். தப்பு என்மேலதான்."

அப்புறம் முதல் தடவையிலேயே இணைப்பு கிடைத்தது. மருந்துக்கடைப் பெண் சுட்டாள், அளந்தாள், அனுப்பினாள். நான் சொன்னேன்ல என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் டீச்சர் பழகு குண்டு இல்லாமல் நின்றாள். முதல் இரண்டு குண்டும் கீழே இறங்கின. பல்லைக் கடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் நடுவில் கொண்டுபோய்ப் போட்டாள். இருந்தும் ஒரே ஒரு புள்ளியில் தோற்றாள். வினை விதைத்தவள் வினை அறுத்தாள் என்று கூடமே பேசியது.

மருந்துக்கடைப் பெண் சந்தோஷம் தாங்காமல் வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் வாழ்த்திவிட்டுக் கேட்டான்.

"டேப்லெட் உபயோகப்பட்டுச்சா? முந்தாநாள் உன்னைக் கூப்பிட வந்தப்ப நானே அதை அந்தப் பெட்டி பக்கத்துல வந்தாலே தானா ஒட்டிக்கிற மாதிரி இணைச்சு, உன் பையோட பின்பக்க அறையில வெச்சேனே. பெரிய திரையில பாக்க வசதியா இருக்கும்னு. சொல்ல மறந்தே போயிட்டேன்."

அவள் பையைத் துழாவினாள். டேப்லெட் இருந்தது. யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

டீச்சர் கிளம்பிக்கொண்டிருந்தாள். டேப்லெட்டைக் கையில் பிடித்தபடி இவள் ஓடிப்போய் எதிரே நின்றாள்.

"நேத்தே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"உன் பைக்குள்ள வெளிச்சம் தெரிஞ்சுது."

"நான் அவ்வளவு பேசினேனே. தண்டனை எனக்குத்தானே வந்திருக்கணும்?"

"வந்திருந்தா, முதல் தேர்வுல உனக்குக் கை உதறியிருக்கும். கை உதறுற ஆளை ஜெயிச்சேன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்லிக்கிறது? அதுவுமில்லாம, பழகு குண்டு இல்லாமலே உன்னை அடிச்சிடலாம்னு எனக்கு ஒரு திமிரு."

மருந்துக்கடைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று மாஸ்டர் அறைப் பக்கம் திரும்பினாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இனாமா வர்ற இடம் எனக்கு வேண்டாம். அடுத்த வருஷம் பழகு குண்டோட வர்றேன், தயாரா இரு."