எட்டாவது போட்டோ

உண்ணாமலை ஆச்சி வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய படம் தொங்கியது. ரோஜாக்கொத்தை ஏந்திய வெள்ளைக்காரப் பெண், வாடவே வாடாத கன்னம். மகனுக்கு வரன் பார்க்கும் ஆச்சி, வருகிற ஒவ்வொரு பெண்ணின் போட்டோவையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கித் திருப்பி அனுப்பிவிடுவார்.

அன்று எட்டாவதாக, தெய்வானை என்ற பெண்ணின் போட்டோ வந்தது. அதைப் படச்சட்டத்தின் மூலையில் செருகிவிட்டு, மூக்குக்கண்ணாடி எடுக்க ஆச்சி உள்ளே போனார்.

"பயமா இருக்கா?" என்று படம் கேட்டது.

"ஆமாக்கா," என்றது போட்டோ. "தெய்வானைக்கு நெத்தியில ஒரு தழும்பு உண்டு. ஸ்டுடியோக்காரர் அதை அழிச்சு, நிறத்தையும் கூட்டிட்டார். அப்படியும் உங்க பக்கத்துல நிக்க முடியலையே."

படத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் என்ன மனுஷியா? ஒருத்தி கண்ணு, இன்னொருத்தி கழுத்துன்னு சேர்த்து வரைஞ்சு வச்சான் ஒருத்தன். இடுப்புக்குக் கீழே வரையவே இல்லை. என்னைக் காட்டி ஏழு பேரை வேண்டாம்னுட்டாங்க. இனிமே யாரையும் அளக்க நான் இங்க தொங்க மாட்டேன்."

அது உடம்பை உலுக்கியது. துருப்பிடித்த ஆணி கழன்றது. படம் கீழே விழுந்து, அதன் கண்ணாடி சுக்குநூறானது.

ஆச்சி ஓடி வந்தார். உடைந்த கண்ணாடியையும் கீழே கிடந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லவேளை, சகுனம் முன்னாடியே காட்டிடுச்சு. இந்தப் பொண்ணு வேண்டாம்," என்றார் மகனிடம். "படத்துக்குச் சேதமில்லை. புதுக் கண்ணாடி போட்டு வாங்கிட்டு வா. இந்தத் தடவை ஆணியை நல்லா இறுக்கி அடி."