நயினாரின் மிஸ்டு கால்

“போனை எடுங்கன்னு சொல்லுதேன்...”

“ஏட்டி, அத்தான் மிஸ்டு கால் குடுத்தா பங்கை விக்கணும், எடுக்கப்படாது!”

“எங்கண்ணன் செத்த அன்னைக்கும் இதத்தான சொன்னீக?” என்றாள் ஜெயபிரியா.

அவள் கணவன் புவனேஷின் பங்குச்சந்தை ஆப்பில் எச்சரிக்கை எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதனால் விலைக்கோடு சரிந்ததுமே குத்துக்கல்வலசையிலிருந்து அவள் அண்ணன் நயினார் ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிடுவார். செத்த அன்று அவர் நெஞ்சுவலியோடு அழைத்தார். மணி வெகுநேரம் அடித்தது. புவனேஷ் எடுக்கவில்லை, குற்றாலத்தில் குளித்த ஈரத்துண்டோடு நின்றபடியே விற்றான். நல்ல லாபம்.

நயினாரின் போன் சிம் இல்லாமல் இவர்கள் வீட்டு பீரோவில்தான் இருந்தது. ஆனாலும் சந்தை சரியும் நாட்களில் புவனேஷின் போனில் அவர் பெயரில் ஒரு மணி அடித்தது. புவனேஷும் விற்றுக்கொண்டுதான் இருந்தான்.

இன்று மணி நிற்கவில்லை. அவன் எடுத்தான்.

“அத்தான், விக்கச் சொல்லுதீகளா, இல்ல... நெஞ்சு வலிக்கா?”