மீன்கொத்தி எடுத்த வகுப்பு

ஆற்றங்கரையில் மீன்கொத்தி ஒருத்தி இருந்தாள். தண்ணீருக்குள் மீன் ஏன் இடம் மாறித் தெரிகிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. இவ்வளவு தெரிந்தவள் நன்றாகத்தானே நடத்துவாள் என்று குஞ்சுகளின் மீன்பிடி வகுப்பையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். எப்படி நடத்துவதென்று யாரும் சொல்லித்தரவில்லை.

அவள் மூச்சுவிடாமல் நடத்தினாள். "புரிஞ்சுதா?" என்று கேட்ட வேகத்தில் அடுத்த பாடத்துக்குத் தாவினாள். குஞ்சுகளோ மீனை விட்டுவிட்டுப் பாறையில் போய் முட்டிக்கொண்டன.

அழாத குறையாக, கூட ஆராய்ச்சி செய்யும் நீர்க்காகத்தைக் கூப்பிட்டாள். அது கடைசிக் கிளையில் உட்கார்ந்து வகுப்பு முழுவதையும் பார்த்தது.

"ஏம்மா, ஒரு மீனுக்காக எவ்வளவு நேரம் அசையாம உட்காருவே?"

"அரைப் பகல்கூட உட்காருவேன்."

நீர்க்காகம் தலையாட்டிவிட்டுப் பறந்துபோனது.

மறுநாள் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, மீன்கொத்தி அப்படியே உட்கார்ந்தாள். ஒரு குஞ்சும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அலகு துறுதுறுத்தது. ஆனாலும் அசையவில்லை.

கடைசியில், நெற்றி வீங்கியிருந்த குஞ்சு மெல்லக் கேட்டது: "அக்கா, மீனுக்கும் நாம இடம் மாறித்தான் தெரிவோமா?"

அவளுடைய ஆராய்ச்சியில் அந்தக் கேள்வியே இல்லை.

"தெரியலையேடா!" என்றாள் மீன்கொத்தி, கொழுத்த மீன் சிக்கிய சந்தோஷத்தில்.