துணைவேந்தரின் நாடித்துடிப்பு

தூத்துக்குடிக் கடலுக்கடியில் பதினாறு வகுப்பறைகள் எழக் காரணமான துணைவேந்தர் அமலோற்பவம், அவற்றில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பதவியில் இருப்பவர் கடலுக்குள் இறங்கக் கூடாது என்பது விதி. ஓய்வுபெற்ற அன்று, போட்ட மாலையைக்கூடக் கழற்றாமல் நேரே படகுத்துறைக்கு ஓடினார்.

அங்கே டாக்டர் ஷிஃபானா நாடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "நூத்தி இருபத்தெட்டு. நூறுக்குக் கீழ வந்தாத்தான் அனுப்ப முடியும் மேடம். பயப்படுறீங்களா?"

"பயமாவது? சந்தோஷம்மா! பதினோரு வருசமா காத்துக்கிட்டு இருக்கேன்."

கண்ணை மூடினார், மூச்சை இழுத்து விட்டார். துடிப்பு ஏறியதே தவிர இறங்கவில்லை. அன்றைய கடைசி நீர்மூழ்கி கிளம்பக் கால் மணி நேரமே இருந்தது.

சட்டென்று, வழியனுப்ப வந்திருந்த பதிவாளரிடம் திரும்பினார். "கதிரேசன், போன மாச ஆட்சிக்குழுத் தீர்மானத்தையெல்லாம் எடுத்து வாசிங்க."

அவர் வாசித்தார். நான்காவது தீர்மானத்தில் அமலோற்பவம் கொட்டாவி விட்டார். துடிப்பு தொண்ணூற்றாறு.

"ஓடுங்க மேடம்!" என்று கத்தினாள் ஷிஃபானா.

நீர்மூழ்கி இறங்கியது. இருட்டில் ஒரு விளக்கு தெரிந்தது, பிறகு வரிசை வரிசையாக விளக்குகள். ஒரு கண்ணாடிச் சுவருக்குள் பாடம் நடந்துகொண்டிருந்தது. அமலோற்பவம் இரண்டு கையையும் ஆட்டினார். மாணவர்கள் பாடத்தை விட்டு எழுந்து ஓடி வந்தார்கள். அவர்களை அதட்டத் திரும்பிய ஆசிரியை, ஆளை அடையாளம் கண்டதும் புத்தகத்தைப் போட்டுவிட்டுத் தானும் ஓடி வந்தாள்.