முதல் ஆணி

"அம்மா, இந்த வீட்டுச் சுவத்துலயாவது ஆணி அடிக்கலாமா?"

டிலுக்ஷி கேட்டதும் ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது.

கணவன் சுதாகரன் ராணுவத்தில் டிரைவர்; ஊர்ப்பேச்சில் ஆமி. கல்யாணத்துக்குப் பிறகு ஐந்து குவார்ட்டர்ஸ் மாறியாகிவிட்டது. எல்லா இடத்திலும் ஒரே சட்டம்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கல்யாணப் படம் இன்றுவரை சேலை மடிப்புக்குள்தான் கிடக்கிறது.

இந்த முறை மாற்றல் வந்தபோது, "நான் மட்டும் போறேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருங்க. புள்ள படிப்பு கெடக் கூடாது" என்று சொல்லிவிட்டான். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அவன் சித்தப்பா விட்டுப்போன லயக் காம்பராவில் கொண்டுவந்து இறக்கினான். ஒரே கூரைக்கடியில் ஒட்டியொட்டி எட்டுக் காம்பரா, எட்டுக் குடும்பம். இவர்களுடையது கடைசி.

கிளம்பும்போது மெதுவாகச் சொன்னான்.

"என்ன வேலைன்னு யாராச்சும் கேட்டா, டிரைவர்னு மட்டும் சொல்லு. ஆமின்னு சொல்லாத. நம்ம சனத்துக்கு ஆமின்னா ஆகாது."

அன்றிலிருந்து அவளுக்குப் பயம். அவனுடைய பழைய ஆமிச் சட்டையைக்கூட வெளிக் கொடியில் போடாமல், அடுப்படிக்குள்ளேயே காயவைத்தாள்.

"அடிக்கலாம்டி. இனி இதுதான் நம்ம வீடு" என்றாள் மகளிடம்.

சுத்தியல் இல்லை. அம்மிக் குழவியைத் தூக்கி, பக்கத்துக் காம்பராவோடு சேர்ந்த சுவரில் ஆணியை வைத்து இடித்தாள். நாலு அடி விழுந்திருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அலறினார்கள். கதவுகள் படார் படாரென்று திறந்தன.

ஜீவராணி வாசலுக்கு ஓடினாள். தூறலில் மொத்த லயமும் வெளியே நின்றது. ஒருத்தி கைப்பிள்ளையைப் போர்வையோடு அணைத்திருந்தாள். ஒருவர் சோற்றுக் கையோடு நின்றார். எல்லோரும் இவளையே முறைத்தார்கள்.

பக்கத்துக் காம்பரா சுகிர்தம் விரலை நீட்டி, முதலில் ஜீவராணியை, அடுத்து பிள்ளையைக் குறி பார்ப்பதுபோல் காட்டினாள். வாய் என்னவோ முணுமுணுத்தது.

அவள் புருஷன் மரியநாயகம் வேகமாக வந்தார்.

"யாரு சுவத்துல இடிச்சது?"

"நான்தாங்க... ஆணி..."

"அறிவு இருக்கா உங்களுக்கு? மழ நேரத்துல..."

ஜீவராணி பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவர் ரெண்டு தரம் தட்டினார். பிறகு ஏதோ சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

போனில் கணவனிடம் அழுதாள்.

"நீங்க ஆமின்னு தெரிஞ்சுபோச்சு போலங்க. அந்தக்கா வெரல நீட்டி புள்ளைய என்னமோ சபிக்குது."

"பயப்படாத. ஞாயித்துக்கிழம வர்றேன். சரிவரலன்னா வேற எடம் பாப்போம்."

"இன்னொருக்கா மூட்ட கட்டணுமா?"

சிக்னல் போய்விட்டது.

மறுநாள் பின்நேரம் மழை கொட்டியது. ஜீவராணி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள்.

திடும்!

சுவர் அதிர்ந்தது. ஆணியில் மாட்டியிருந்த கல்யாணப் படம் ஆடியது.

திடும்! திடும்! சுண்ணாம்பு உதிர்ந்தது.

நேற்றைக்குப் பழி வாங்குகிறார்கள். ஜீவராணி பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைந்தாள். வெளியே ஆண்களின் சத்தம்.

"கதவத் தொறங்க! தொறங்க!"

டிலுக்ஷி கிசுகிசுத்தாள். "அம்மா, அப்பா ஆமின்னு நான் யாருக்கும் சொல்லலம்மா. சத்தியமா சொல்லல."

அவள் வாயைப் பொத்தினாள் ஜீவராணி.

தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. மரியநாயகம் உள்ளே வந்தார். கையில் தாழ்ப்பாளை நெம்பிய இரும்பு அலவாங்கு.

"எங்கள ஒண்ணும் செஞ்சிராதீங்க..."

அவர் அலவாங்கைக் கீழே போட்டார். குனிந்து பிள்ளையை வெளியே இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

"ஐயோ, எம்புள்ளைய விடுங்க!"

ஜீவராணி கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். வழுக்கும் படியில் ஏறி, ரோட்டு மேட்டிலிருந்த மாதா கோயிலுக்குள் போய்த்தான் அவர் நின்றார். மொத்த லயமும் அங்கே நனைந்துபோய் நின்றது.

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அப்போது கீழே பெரிய லொறி கவிழ்ந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, கடைசிக் காம்பராவின் அடுப்படிமேல் கிடந்தது.

மரியநாயகத்துக்கு மூச்சு வாங்கியது.

"மண்ணு எறங்குற மாதிரி தெரிஞ்சா சுவத்த இடிப்போம்மா. காம்பரா காம்பராவா அந்த இடி கடைசி வரைக்கும் போகும். கேட்டதும் போட்டத போட்டபடி ஓடி வரணும். நேத்து நீங்க இடிச்சதும் எல்லாருக்கும் உசுரே போயிருச்சு. வெவரம் சொல்லத்தான் வந்தேன். நீங்க மூஞ்சியில கதவச் சாத்திட்டீங்க."

ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு ஆமின்னு தெரிஞ்சு, எங்களத் தொரத்தப் பாக்குறீங்கன்னு..."

"ஆமியா? அது பஸ்ஸ விட்டு எறங்கின அன்னைக்கே அவரு தோள்ல கெடந்த ஆமிப் பைய பாத்துத் தெரியும்" என்றாள் சுகிர்தம். "அதுக்கென்ன இப்ப? செத்த நேரம் எல்லாரும் அசையாம நில்லுங்க."

சுகிர்தம் விரலை நீட்டினாள். நேற்றுப் பார்த்த அதே விரல், அதே முணுமுணுப்பு. ஒவ்வொரு ஆளாகத் தொட்டுக்கொண்டு வந்து ஜீவராணியிடமும் டிலுக்ஷியிடமும் முடிந்தது.

"முப்பத்தேழு... முப்பத்தெட்டு. சரியா இருக்கு. மாதாவே!"

"நம்ம லயத்துக்கு முப்பத்தாறுதானே?" என்றார் மரியநாயகம்.

"அது முந்தி. நேத்து வாசல்ல நின்னப்பவே இவங்க ரெண்டு பேரையும் சேத்து எண்ணிட்டேன்."