வயதுக்கேற்ற வளைவு

வரிசையின் கடைசியில் நின்ற கிழவிக்குப் பல்வலி போலிருக்கிறது என்று டாக்டர் கௌதமன் நினைத்தார். தாடையையும் தலையையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தாள். உப்பளத்து வெயிலுக்கு எல்லாருமே தலையில் துணி சுற்றியிருந்ததால் அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. தவிர, பல் அவருடைய இலாகா அல்ல. முதுகுதான்.

மரக்காணம் உப்பள முதலாளி திருமுருகன் அவரைப் புதுச்சேரியிலிருந்து வரவழைத்திருந்தார். வயதுக்கு மீறிக் கூன் விழுந்தவர்களுக்கு இந்த சீசனில் வேலை இல்லை. இதைத் தன் வாயால் சொன்னால் பாவம், டாக்டர் சொன்னால் விஞ்ஞானம் என்பது முதலாளியின் கணக்கு.

தார்ப்பாய் நிழலில் டாக்டர் வகுப்பெடுத்தார். “முதுகுன்னா கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கும். பொம்பளைங்களுக்கு இடுப்புக்கிட்ட குழிவு ஜாஸ்தி, ஆம்பளைங்களுக்குக் கம்மி. வயசானா மேல்முதுகு முன்னால வளையும், பொம்பளைங்களுக்கு இன்னும் சீக்கிரமா. அதெல்லாம் நார்மல். அதுக்கு மேல வளைஞ்சா உங்க சோம்பேறித்தனம்.”

“ஆமாங்க, சோம்பேறித்தனமா குனிஞ்சு உப்பு வாரிட்டோம்” என்றான் வரிசையில் நின்ற அர்ச்சுனன். இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளி பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற தூக்குக்குண்டை ஒவ்வொருவர் காதோரமும் தொங்கவிட்டுப் பார்த்தார் டாக்டர். அம்சவல்லியின் முறை வந்தபோது நூல் அவள் தோளையும் இடுப்பையும் விட்டு விலகி, முன்னால் தனியாக ஆடியது.

“வயசு என்னம்மா?”

“முப்பத்தெட்டு சார்.”

“முதுகு எழுபதுன்னு சொல்லுது.”

“ரெண்டு புள்ளைங்க படிக்குது சார். இந்த வேலை இல்லன்னா அடுப்பு எரியாது.”

“அடுப்பை முதலாளிகிட்ட சொல்லு. நான் முதுகுக்கு மட்டும்தான்.”

முதலாளி அவசரமாகச் செல்போனைப் பார்த்தார்.

டாக்டர் அம்சவல்லியின் தோளுக்குப் பின்னால் கை காட்டினார். கடைசியில் நின்ற கிழவி எப்போது அங்கே வந்தாள் என்பதை அவர் கவனித்திருக்கவில்லை. “பின்னாடி நிக்கறாங்களே, அந்தம்மாவைப் பாரு. எழுபதுக்குக் கொறையாது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு முதுகைப் பாத்ததில்ல. இடுப்புல குழிவுகூட இல்ல, பலகையாட்டம் இருக்கு. காலைச் சேத்து நில்லுங்கன்னேன், கட்டிப்போட்ட மாதிரி நிக்கறாங்க.”

அவர் கை காட்டிய இடத்தை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். ஒருவரும் சொல்லாமலே வரிசை கலைந்து நகர்ந்தது.

அம்சவல்லி மட்டும் திரும்பவில்லை. பிடரியில் ஏதோ ஈரம் பட்டதுபோல் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

“பச்சைச் சேலையா சார்?”

“ஆமா.”

“தாடையில துணி கட்டியிருக்குதா?”

“அதான் கட்டியிருக்காங்களே. தெரிஞ்சவங்களா?”

“எங்கம்மா சார்.”

டாக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பெத்தவளே சாட்சி. அவங்களும் இங்கதானே வேலை பாத்தாங்க?”

“கடைசி வரைக்கும் இங்கதான்.”

“அப்ப உப்பு மேல பழி போடாத. இந்த முதுகு வர்றதுக்கு அவங்க என்ன செஞ்சாங்க? அதையே நீயும் செய். உனக்கு வேலை குடுக்கச் சொல்லி நானே சொல்றேன்.”

முதலாளி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அம்சவல்லி குரலை உயர்த்தவில்லை.

“பாடையில வெச்சு, நாலு பேரு அமுக்கித்தான் சார் நிமித்துனோம்.”