வியர்வையில் உப்பு

டாக்டரின் அறைக்குள் அவள் அவசரமாக நுழைந்தாள். ஒரு வயதாகியும் எலும்பும் தோலுமாக இருந்த குழந்தை, கூட வந்தவளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"வியர்வை டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சா டாக்டர்?"

"வந்துடுச்சும்மா. முதல்ல உக்காருங்க."

"பரவாயில்ல, சொல்லுங்க." நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் தயங்கினார். பெற்றவளிடம் இதையெல்லாம் சொல்வது அவருக்கு எப்போதுமே சங்கடம்தான்.

"வியர்வையில உப்பு ரொம்ப அதிகமா இருக்கு. பிறவிக் கோளாறும்மா. செல்லைச் சுத்தியிருக்கிற சவ்வு உப்பைச் சரியாக் கடத்தல. அதனால உள்ள சுரக்கிறதெல்லாம் பசை மாதிரி கெட்டியாகி, கணையத்தை அடைச்சிருக்கு. செரிக்க வைக்கிற என்சைம் குடலுக்கே வரதில்ல. நீங்க எவ்வளவு ஊட்டினாலும் உடம்புல ஒட்டாது."

"நிச்சயமாவா டாக்டர்? தப்பா இருக்காதே?"

"ரெண்டு தடவை பார்த்துட்டோம். மனசைத் தேத்திக்கோங்க."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் டாக்டர்!"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளோ, குழந்தையை வைத்திருந்தவள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா மேடம்? நான் புள்ளையப் பட்டினி போடல. பக்கத்து வீட்டுக்காரங்க பேச்சை நம்பி, பெத்தவகிட்டருந்தே பிடுங்கிட்டுப் போனீங்களே... இப்பவாவது குடுங்க."

குழந்தைகள் நல அதிகாரி குழந்தையை நீட்டினாள்.

மகளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்ட பிறகுதான், டாக்டர் சொன்னது அவளுக்கு உறைத்தது.

"டாக்டர்... என் பொண்ணு பொழைச்சுக்குவாளா?"